பூப் பக்கம்

நான்கு காலைகள். காலைக்கு இரண்டு பிராங்கு.
சேன் நதியின் சலவைப் படகில்
நாளெல்லாம் அடித்துத் துவைத்தாலும்
அதில் பாதிதான் தேறும்.
சரி என்றேன்.

"ஜெனோவாக்காரியா நீ? நிஜமாகவா?"
மூன்று முறை கேட்டார் ஆந்தீம் ரொகெ,
பதக்கம் செதுக்குகிறவர்.
ஒரு கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடி,
மறு கண்ணில் தூக்கம்.
எங்கள் பாஷையில் கொஞ்சம் திட்டிக் காட்டினேன்.
நம்பினார்.

நான் லிகூரியாவாம்.
ஊர் மட்டுமில்லை; மலை, கரை, எலுமிச்சை,
நெத்திலி, கடன், எல்லாம் சேர்த்து நான்.
தலையில் கோட்டைச்சுவர் மாதிரி அட்டைக் கிரீடம்.
காயாத பசை நெற்றியில் வழிந்தது.
கையில் கப்பலின் சுக்கான்,
அதாவது பக்கத்து அடுமனையின் ரொட்டித் துடுப்பு.

"மண்டியிடு."
இட்டேன்.
"இப்படியில்லை. விரும்பி மண்டியிடுகிற மாதிரி."
முழங்காலில் விருப்பம் எந்த இடத்தில் இருக்கும்?
"சுக்கானை நீட்டு.
பறிகொடுப்பது போல் வேண்டாம், பரிசளிப்பது போல."
நீட்டினேன். எதிரே ஆளில்லை.
ஒரு நாற்காலி, அதன் முதுகில் சிவப்புப் போர்வை.
நான்கு காலையும்
ஒரு போர்வைக்கு என் நாட்டைக் கொடுத்தேன்.

இரண்டாம் நாள் கடைவாய்ப்பல்.
வலக் கன்னம் புளித்த மாவாய் உப்பியது.
ரொகெ மெழுகை விரலால் அழித்துவிட்டு
என்னைத் திருப்பி வைத்தார்.
பதக்கத்தில் லிகூரியா இடப்பக்கம் பார்க்கிறாள் அல்லவா?
மேற்கு, பாரீஸ், விசுவாசம் என்று
படித்தவர்கள் ஏதாவது சொல்லக்கூடும்.
பல்.

அடியில் பொறித்த லத்தீனை
வேலைக்காரப் பையன் எழுத்துக் கூட்டிச் சொன்னான்:
பிரான்சுடன் இணைந்தது.
இணைப்பு பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும்.
பழைய லினனோடு புதுக் கம்பளியைத் தைத்துச்
சில வீட்டுக்காரிகள் சலவைக்கு அனுப்புவார்கள்.
முதல் துவையலிலேயே ஒன்று சுருங்கும், மற்றது இழுக்கும்.
தையல் மட்டும் நடுவில்
எதுவும் நடக்காதது போல நேராக ஓடும்.

நாணயசாலையில் அச்சு இறங்குவதைப் பார்க்க விட்டார்கள்.
எட்டுப் பேர் திருகின் கையைச் சுழற்ற,
தரை அதிர்ந்தது.
முதல் அடியில் முகமே இல்லை.
சூடேற்றி மறுபடி. மறுபடி.
ஏழாவது அடியில்தான் என் மூக்கு.
வெண்கலம்
அவ்வளவு எளிதில் சம்மதிப்பதில்லை.

அந்தப் பக்கம் பேரரசரின் தலை.
இலைக் கிரீடம், பசை வழியாமல்.
வாசலில் இரண்டு பயல்கள்
விளிம்பு பிளந்த ஒன்றைச் சுண்டி
பூவா தலையா ஆடினார்கள்.
நான்தான் பூ.
சேற்றில் குப்புற விழுந்தபோது
எவனோ ஒருவன் தோற்றான்.

அந்தக் கோடையில் தம்பி லாஸரோவின் கடிதம்,
வேறு யாரோ எழுதியது:
"அக்கா, நான் இப்போது பிரெஞ்சுக்காரன்.
கப்பலில் ஏற்றிவிட்டார்கள்.
சம்பளம் நல்லதாம், வந்தால்."
அப்புறம் கடிதமில்லை.

பத்து வருடம் கழித்து ஊர் திரும்பினேன்.
பேரரசர் ஏதோ தீவில்.
எங்கள் பழைய குடியரசு எழுந்துவிடும் என்று
மீன் சந்தை நம்பியிருந்ததாம்.
வியன்னாவில் மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள்
எங்களைத் துரின் ராஜாவுக்கு எழுதிக் கொடுத்தார்கள்.
இணைப்புதான்.

வெங்காயம் நிறுப்பவன் தராசில்
எடைக்கற்களோடு ஒரு வெண்கல வட்டம்.
எடுத்துத் திருப்பினேன்.
தேய்ந்த மூக்கு. நீட்டிய கை. ரொட்டித் துடுப்பு.
"என்ன பார்க்கிறாய்?"
"எடை சரியா என்று."
"வீசம் குறையும்," என்றான், நேர்மையாக.

ஒரு வெங்காயம் கூடப் போட்டான்.

புது ராஜாவுக்கும் பதக்கம் அடிப்பார்கள்.
அடிக்கட்டும். இந்த முறை
என்னை யாரும் கூப்பிடவில்லை.
பழைய அச்சே போதும் போலிருக்கிறது,
தலையை மட்டும் மாற்றினால்.